புல் முளைத்த நாள்

ரொம்பப் பழைய கதை இல்லை. தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அந்தப் பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு ஆறு வருடமாகக் குடியிருந்தது.

விளையாட்டில் வருகிற மலை, மழை, துப்பாக்கி, புகை, புல் எல்லாவற்றையும் படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது அதன் வேலை. ஒரு விநாடிக்கு அறுபது படம். லீவு கிடையாது, ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. கீழே இருட்டு மூலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் சப்ளைதான் அதற்குப் பேச்சுத்துணை.

பெட்டியின் சொந்தக்காரன் செல்வின் மச்சாது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நாகர்கோவிலில் இருக்கிற ரீகனும் அவனும் ஒரே அணி. ஒரு தீவில் போய்க் குதித்து எதிராளிகளைச் சுட வேண்டும். கடைசிவரை உயிரோடு இருப்பவனுக்கு வெற்றி. செல்வின் பெரும்பாலும் நாலாவது நிமிடத்தில் செத்துவிடுவான்.

சாவதிலும் அவனுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தீவின் நடுவில் இடுப்புயரப் புல்காடு ஒன்று உண்டு. அதற்குள் எவனாவது படுத்திருப்பான். செல்வின் அவன் முதுகில் கால் வைக்காத குறையாக ஓடுவான். டுமீல்.

"எலே, நான் நேரா குறி வச்சேம்ல! இந்தச் சவத்துக் கார்டு இழுக்குது. படம் நின்னு நின்னு வருது."

"கார்டை மாத்து மக்கா. நான் அப்பமே சொன்னேம்லா" என்பான் ரீகன்.

படம் நின்று நின்று வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது சோம்பேறித்தனத்தால் இல்லை, உப்புக் காற்றால். கடலைப் பார்த்த ஜன்னலை ஆறு வருடமாகத் திறந்தே வைத்திருந்தால், கார்டின் விளிம்பில் இருக்கும் தங்க நிறப் பற்களில் கறை ஏறாமல் என்ன செய்யும்? ஊரிலே எந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் போனாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை நாலு தேய் தேய்த்துத் திரும்பச் சொருகுவார். பாதி வியாதி அங்கேயே தீர்ந்துவிடும். செல்வினுக்கும் இது தெரியும். ஆனால் ரப்பரால் தேய்ப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? அதைப் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்ப முடியுமா?

ஆகவே புதுக் கார்டுக்கான ஆராய்ச்சி தொடங்கியது. ஆபீசில் ஒரு கடிதத்தை முழுசாகப் படிக்க மாட்டாதவன், மூன்று வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குறிப்பெடுத்தான். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார். எவ்வளவு நீளம்? எத்தனை விசிறி? என்ன கலரில் விளக்கு எரியும்? கண்ணாடி வழியே பார்த்தால் எடுப்பாக இருக்குமா?

இதில் கொடுமை என்னவென்றால், தன் இடத்துக்கு வரப்போகிறவர்களின் படங்களையெல்லாம் அந்தப் பழைய கார்டேதான் ஒரு புள்ளி பிசகாமல் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

"என்னவே, இன்னைக்கு எத்தனை பேரை வரைஞ்சீரு?" என்று கேட்டது பவர் சப்ளை.

"பதினோரு பேரு. ஒருத்தனுக்கு மூணு விசிறி. ஒருத்தன் வானவில்லு கணக்கா எரியுதான்."

"வேலை எப்படிச் செய்வானாம்?"

"அதைச் சொல்ல ஆரம்பிச்சதும் செல்வின் வீடியோவைத் தள்ளி விட்டுட்டான்."

"சரி, உம்மை என்ன செய்யப் போறாவளாம்?"

பழைய கார்டின் ஒற்றை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "காயலான் கடைக்குப் போட்டுரலாம்னு ரீகன்கிட்டச் சொல்லிட்டிருந்தான்" என்றது.

காயலான் கடை என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். சுத்தியலால் அடித்து, செம்பை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைக் குப்பையில் கொட்டுவார்கள். அதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட வலித்தது வேறொன்று. 'இதனாலதான் தோத்தேன்' என்ற பேரோடு போக வேண்டுமே என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் செல்வின் புதுக் கார்டின் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். குழந்தைக்குத் தொட்டில் கட்டியதுபோல உள்ளே பஞ்சு மெத்தை. பழைய கார்டைக் கழற்றி, அந்தக் காலி அட்டைப்பெட்டியில் போட்டு மேசைமேல் வைத்தான்.

புதுக் கார்டு தன் இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. "வணக்கம். நான் அடுத்த தலைமுறை. எனக்கு மூன்று விசிறிகள். ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் நிறங்களில் ஒளிர்வேன்."

"நல்லது தம்பி. வேலையை எப்பம் ஆரம்பிப்பீரு?" என்றது பவர் சப்ளை.

"அழைப்பு வந்ததும்."

கடைசியாகத் திரையின் ஒயரைச் சொருக வேண்டும். பெட்டியின் முதுகில் அதற்கு இரண்டு ஓட்டைகள். கீழே இருப்பது கார்டுடையது. மேலே இருப்பது, எல்லோரையும் தாங்கி நிற்கும் தாய்ப் பலகையான போர்டுடையது. அதில் சொருகினால் கார்டைக் கேட்காமலே படம் வரும். செல்வின் ஒரு கையில் போனைப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையைப் பின்னால் விட்டுத் தடவினான். முதலில் அகப்பட்ட ஓட்டையில் சொருகினான். அது மேல் ஓட்டை.

பழைய கார்டு ஆறு வருடத்தில் அன்றுதான் பெட்டியின் முதுகைப் பார்த்தது. "எய்யா, அது தப்பு ஓட்டைல்லா!" என்று கத்தியது. மனுசக் காதுக்கு அது எங்கே கேட்கப் போகிறது?

பிராசசருக்குள்ளே ஒரு சின்னச் சில்லு இருந்தது. ஆபத்து அவசரத்துக்கு ஒரு விண்ணப்பம், ஒரு கடிதம் என்று வரைந்து காட்டுவதற்காக வைத்தது. இத்தனை வருடமாக அதை யாரும் கூப்பிட்டதில்லை. அன்று திடுக்கிட்டு விழித்தது.

"அண்ணாச்சி, என்னையா கூப்பிடுதாவ? தீவு வரையணுமாமே! எனக்கு நாலு கோடு போடத்தானே தெரியும்!"

"தெரிஞ்சதைப் போடும்" என்றது பவர் சப்ளை. வேறென்ன சொல்லும்?

விளையாட்டு அந்தச் சில்லை மேலும் கீழும் பார்த்தது. பாவம், இது தாங்காது என்று தானாகவே எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டது. நிழல் வேண்டாம். மரத்துக்கு இலை வேண்டாம். தண்ணீருக்கு அலை வேண்டாம். புல் வேண்டவே வேண்டாம். தீவு மொட்டையடித்த தலை மாதிரி ஆகிவிட்டது.

செல்வின் குதித்தான். எதிராளிகள் அவரவர் திரையில் அடர்ந்த புல்லுக்குள் பத்திரமாகப் படுத்திருந்தார்கள். செல்வின் திரையில் அவர்கள் தட்டில் வைத்த உளுந்துவடை மாதிரி வெட்டவெளியில் கிடந்தார்கள். ஒவ்வொருவராகச் சுட்டான். பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஜெயித்தான்.

"எலே ரீகன்! என்னா கார்டுல! எவன் எங்க படுத்திருந்தாலும் காட்டிக் குடுக்குது! படம் எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா?"

"நான் சொன்னேம்லா மக்கா!"

கண்ணாடிக்கு வெளியே முழங்காலிட்டு, எரிகிற விளக்குகளைச் செல்வின் ஏழு கோணத்தில் போட்டோ எடுத்தான். உள்ளே புதுக் கார்டுக்கு ஒரே குழப்பம்.

"ஐயா, என்னை யாருமே அழைக்கவில்லையே. நான் இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை."

"பாராட்டு வருதுல்லா? பேசாம வாங்கிக்கிடும்" என்றது பவர் சப்ளை.

முதல் நாள் புதுக் கார்டுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் கூச்சம் போயிற்று. ஒரு வாரம் கழித்து அதுவே நம்பிவிட்டது. "என் பாணி அப்படி. நான் நேரடியாக எதையும் செய்ய வேண்டியதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்பதே போதும்" என்று எல்லோரிடமும் விளக்கியது. வண்ணம் மாற்றி மாற்றி எரிந்தது. பக்கத்தில் சின்னச் சில்லு கொதிக்கக் கொதிக்க வரைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, மூச்சு முட்டுது. ஒருத்தராவது என் பேரைச் சொன்னாவளா?"

"உமக்கு விளக்கு எரியுமா?"

"எரியாது."

"அப்பம் எப்படிச் சொல்லுவாவ?"

இப்படியே ஒரு மாதம் போனது. பழைய கார்டு அட்டைப்பெட்டியில் திறந்தபடி கிடந்தது. செல்வின் கடலை தின்று தொலியை அதன்மேல் போட்டான். இரண்டு தடவை தெருவில் காயலான் கடை வண்டியின் மணி கேட்டது. இரண்டு தடவையும் செல்வின் ஜெயித்துக்கொண்டிருந்ததால் எழுந்து போகவில்லை. பழைய கார்டு அப்படித்தான் உயிர் பிழைத்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் செல்வினின் அக்கா மெல்பா வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணும் கடை வைத்திருக்கிறவள்.

"எலே, என் கடைல ஒரு பேனர் படம் திறக்கதுக்குள்ள மாப்பிள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிரும் போல. உன் பழைய கார்டு சும்மாதானே கிடக்கு, குடு."

"அது செத்த கார்டு, யக்கா. அதால நான் எத்தனை மேட்ச் தோத்திருக்கேன்னு தெரியுமா?"

மெல்பா கடலைத் தொலியைத் தட்டிவிட்டுக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கைப்பையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்தாள். நாலு தேய் தேய்த்தாள். மேசையில் கருப்புத் தூள் கொட்டியது. அடியில் பற்கள் புதுசாக மின்னின.

"சாகலைல, அழுக்கு. ஆறு வருசம் விளக்காம வச்சிருந்தா உன் பல்லே இப்படித்தான் இருக்கும்."

பழைய கார்டுக்கு அழுகை வந்தது. சுத்தமானதற்காக இல்லை. ஒருத்தி வாயால் 'சாகலை' என்று கேட்டதற்காக.

மெல்பா கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்த மாதிரி ஒயர் வேண்டும் என்று பார்ப்பதற்காகப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள்.

"எலே செல்வின், ஒயரை எதுல சொருகிருக்க?"

"கார்டுலதான்."

"நீ போர்டுலல்லா சொருகிருக்க, கிறுக்கா! ஒரு மாசமா இவனைச் சும்மா உக்கார வச்சு விளக்குப் போட்டுக்கிட்டிருக்க?"

அவளே ஒயரை உருவிக் கீழ் ஓட்டையில் சொருகினாள்.

புதுக் கார்டுக்கு முதல் முதலாக அழைப்பு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது அசாத்தியமான வேலைக்காரன். ஒரு மாதமாகச் சும்மா இருந்த வெட்கத்தையெல்லாம் சேர்த்து வைத்து வரைந்தது. மரங்களில் இலை வந்தது. இலைகளுக்கு நிழல் வந்தது. தீவு முழுக்க இடுப்புயரத்துக்குப் புல் முளைத்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகக் காற்றில் சாய்ந்தது. மெல்பாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த பழைய கார்டுக்குப் பொறாமைகூட வரவில்லை. 'வரைஞ்சா இப்படி வரையணும்' என்று நினைத்தது.

செல்வின் குதித்தான். புல்லுக்குள் ஓடினான். டுமீல்.

மறுபடி குதித்தான். டுமீல். மூன்றாவது தடவை, ஓடக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே டுமீல்.

"என்ன மக்கா ஆச்சு உனக்கு இன்னைக்கு?" என்றான் ரீகன்.

"யக்கா என்னத்தையோ நோண்டிக் கார்டைக் கெடுத்துட்டா! ஒரே செடியும் கொடியுமா வருது, ஒருத்தனும் கண்ணுக்குத் தெரியலை!"

"எலே, அதுதான்ல ஒழுங்கா வேலை செய்யுது!" என்றாள் மெல்பா.

"நீ சும்மா இரு. ஒரு மாசமா எவ்வளவு நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு!"

"அந்த மாடலே அப்படித்தான் மக்கா, ஒரு மாசத்துக்கு மேல தாங்காது. அடுத்தது வந்துட்டு, வீடியோ அனுப்புதேன் பாரு" என்றான் ரீகன்.

செல்வின் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். சூடு ஆறுவதற்குள் புதுக் கார்டைப் பிடுங்கி, மெல்பாவின் பைக்குப் பக்கத்தில் மேசைமேல் எறிந்தான். விளக்குகள் அணைந்திருந்தன. ஒயரைத் திரும்ப மேலே சொருகினான். தீவு மொட்டையானது. செல்வின் முகத்தில் சிரிப்பு வந்தது.

தெருமுனையில் காயலான் கடை வண்டியின் மணி கேட்டது.

"யக்கா, போற வழில வண்டிக்காரரை நிக்கச் சொல்லு, வாறேன்" என்றான் செல்வின்.

புதுக் கார்டு பைக்குள் இருந்த பழைய கார்டைப் பார்த்தது. பேச்சில் இருந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. "அண்ணாச்சி, ஒரு மாசம் ஒண்ணுமே செய்யாம உக்காந்திருந்தேன். தலைல தூக்கி வச்சு ஆடுனாவ. இன்னைக்கு இப்படித் தூக்கி எறியுதாவளே, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

மெல்பா பையின் ஜிப்பை இழுத்தாள். அது மூடுவதற்குள் பழைய கார்டு சொன்னது:

"வேலை செஞ்சிட்டீரே, தம்பி."