அரசமரம் மறைத்த முகம்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வாய் இருந்ததால் வயிற்றெரிச்சலை வெளியே சொல்லவும் முடிந்தது. சயாம் தேசத்தின் தலைநகரமான அயுத்தயாவில், அரசர் கட்டிய கோயிலுக்குள் ஓர் அரசமரம் நின்றது. அதன் நிழலில் கல் புத்தர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

பூன்மா என்ற பூக்காரி தினமும் தன் கூடையின் முதல் தாமரையை அவர் மடியில் வைப்பாள். நெற்றியில் தங்க ரேக்கு ஒட்டுவாள். மரத்தின் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

“ஏன் அக்கா, இதென்ன ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு? எங்கள் பாட்டன் அடியில் உட்கார்ந்துதானே அவருக்கு ஞானமே வந்தது! எனக்கும் ஒரு பூ வைத்தால் குறைந்தா போவாய்?” என்று மரம் கேட்டது.

“நீ நிழல் தரத்தானே நிற்கிறாய்? அவர் என் குறையைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்” என்று சிரித்துவிட்டுப் போனாள் பூன்மா.

அந்தச் சிரிப்பு மரத்தைச் சுட்டது. வேண்டுமென்றே புத்தர் தலையில் சருகைக் கொட்டும். அவள் துடைத்துவிட்டுப் பூ வைப்பாள். மரத்துக்கு இன்னும் எரியும்.

ஒருநாள் பகைவர் படை புகுந்தது. நகரம் எரிந்தது. சனங்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். உடைந்த புத்தரின் தலை உருண்டு மரத்தடியில் வந்து நின்றது. மரம் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. “இனி எப்படிப் பூ வாங்குகிறாய், பார்க்கிறேன்” என்று வேர்களை ஏவி, வருடக்கணக்கில் இறுக்கி, அந்தத் தலையை முழுதாக மூடிவிட்டது.

தலை நரைத்த பிறகு பூன்மா திரும்பி வந்தாள். கையில் ஒரே ஒரு தாமரை. இடிந்த சுவர்களுக்குள் தேடி அலுத்து, “மரமே, அவர் முகத்தையாவது பார்த்தாயா?” என்றாள்.

“பார்க்கவில்லை.”

அவள் வேர்களுக்கு அருகே உட்கார்ந்தாள். “எனக்குத் தெரிந்தவர்களில் மிஞ்சியது நீ மட்டும்தான். அன்று சிரித்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே” என்று தாமரையை மரத்துக்கே வைத்தாள்.

ஆயுள் முழுக்க ஏங்கிய பூ! ஆனால் பொய் சொல்லி வாங்கிய பூவாயிற்றே. மரத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. முகத்தை மூடிய வேரை மெல்ல விலக்கியது. மூடிய இமைகளும் இளநகையும் தெரிந்தன. புத்தரைவிட உயரத்தில் தன் தலை இருக்கலாகாதே என்று பூன்மா பதறி, அந்த முகத்துக்கும் கீழே மண்ணோடு குனிந்தாள்.

“அவரை முழுதாக விட்டுவிடேன்” என்று அழுதாள்.

“கட்டத் தெரிந்தது, அக்கா. அவிழ்க்கத் தெரியவில்லையே” என்றது மரம். அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான் அந்த முகம் வேர்களுக்கு நடுவே தெரிகிறது. அங்கே போகிறவர்களும் பூன்மாவைப் போலத் தாழ உட்கார்ந்தே பார்க்கிறார்கள். வைக்கிற பூ யாருக்கென்று கேட்க மரத்துக்கு வாயில்லை. ஆனாலும் யாராவது பூவோடு வந்தால், காற்றே இல்லாதபோதும் அதன் இலைகள் சலசலக்கின்றன.