ரொட்டிக்கடைப் பேனா

கட்சி அலுவலகத்தின் பூட்டை மாற்றிவிட்டார்கள். எதற்கும் உதவாத பழைய சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரெம்ஸி நேராக ஹில்மி ஹோஜாவின் ரொட்டிக்கடைக்கு வந்தார்.

துருக்கியில், அனடோலியாவின் நடுவில், ரயில் இரண்டு நிமிஷம் மட்டும் நிற்கிற ஊர் அது. ஹோஜா என்றால் ஆசான்; நேரில் கூப்பிடும்போது ‘ஹோஜம்’. ஹில்மி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை, ரொட்டி சுடுகிறவர். ஆனாலும் ஊரார் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரெம்ஸிக்கு ஐம்பத்தேழு வயது. ஹோஜா அவரைவிட நாலு வயது இளையவர். அதனால் சீடரான ரெம்ஸியை ‘அபி’ என்று, அதாவது அண்ணன் என்றுதான் அழைப்பார். பன்னிரண்டு வருஷமாக ரெம்ஸி மனசு ஆறாத எதையும் அங்கேதான் கொண்டுவருவார்.

“ஹோஜம், முப்பது வருஷம் உழைத்தேன். மூன்றே வரியில் முடித்துவிட்டார்கள்.”

காகிதத்தை நீட்டினார். ஹோஜாவின் கையெல்லாம் மாவு.

“படியுங்கள் அபி.”

“கிளைக் கமிட்டி கலைக்கப்படுகிறது. புதிய தலைவர் நியமிக்கப்படுகிறார். ஒத்துழைக்கவும். இவ்வளவுதான். கையெழுத்துகூட அச்சு.”

“நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“ஒரே ஒரு கடிதம் எழுதினேன். மேயர் தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்று இந்த ஊர் உறுப்பினர்களைக் கேளுங்கள் என்றேன். கேளுங்கள் என்றதற்கே இது, ஹோஜம்!”

அங்காராவில் இருக்கும் தலைமை அதற்கு எழுதிய பதில்தான் அந்த மூன்று வரி. புதிய கிளைத் தலைவனுக்கு முப்பத்தோரு வயது. ரயிலை விட்டு இறங்கி, கட்சி அலுவலகம் எந்தத் தெருவில் என்று ரெம்ஸியிடமே வழி கேட்டவன். பனியில் ஏணி மேல் நின்று கொடி கட்டிக் கட்டி ரெம்ஸியின் இடது சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. அந்த விரலால்தான் வழி காட்டினார்.

“எங்கள் கட்சி ஜனநாயகத்தின் மூச்சு என்று எழுதி, கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆணி அடித்ததே நான்தான். ஊர் ஊராகப் போய் ஜனநாயகம் என்று கத்துகிறவர்கள் கட்சிக்குள்ளேயே அதன் கழுத்தை நெரித்துவிட்டார்கள். நெரித்தது யார், ஹோஜம்? எனக்கு ஒரு பெயர் வேண்டும்.”

ஹோஜா மாவை எடுத்துப் பலகையில் ஓங்கி அறைந்தார்.

“அயோக்கியப் பயல்கள்,” என்றார்.

ரெம்ஸிக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது.

“கட்சி விதியில் வழி ஒன்றும் இல்லையா?”

“இருக்கிறது. கிளைக்கு நூற்றைம்பது பிரதிநிதிகள். பத்து நாளுக்குள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மாநாடு கூட்டியே ஆகவேண்டும். அங்கே கிளைத் தலைவர் பதவிக்கு ஓட்டு நடக்கும். போன தடவை நான் நூற்று நாற்பத்தெட்டு வாங்கியவன்.”

“மீதி இரண்டு?”

“ஒருவருக்குக் காய்ச்சல். ரிஸா பெரியவர் செத்துப்போயிருந்தார்.”

“மாநாட்டுக்கு முன்பா?”

“பட்டியல் போடுவதற்கே முன்பு. நான் கவனிக்கவில்லை.”

ஹோஜா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“முப்பது கையெழுத்தோடு வாருங்கள். பெயரை அப்புறம் சொல்கிறேன்.”

அந்த ஊர்ப் பெண்கள் மிளகாயிலும் கத்தரிக்காயிலும் அரிசியும் கறியும் அடைத்து, தட்டுகளில் அடுக்கி, வேகவைக்க ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதித் தட்டின்மேல் வைப்பார்கள். அதற்காக மேசையில் ஒரு நீலப் பேனா கிடக்கும். அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டு தொங்கும். ஹோஜா அதை எடுத்து ரெம்ஸியிடம் நீட்டினார்.

“என்னிடம் பேனா இருக்கிறது, ஹோஜம்.”

“இதுவே இருக்கட்டும்.”

ரெம்ஸி முதலில் மனைவியின் தம்பியிடம் போனார். பெயர் நஜாத்தி. கறிக்கடை வைத்திருப்பவன்.

“வாங்க அபி. ஈரல் நன்றாக இருக்கிறது.”

“ஈரல் கிடக்கட்டும். இதில் கையெழுத்துப் போடு. நீ பிரதிநிதி.”

“நானா? எதற்குப் பிரதிநிதி?”

“கட்சிக்கு. இரண்டு வருஷமாக.”

“யார் போட்டது?”

“நான்தான்டா போட்டேன்! மாநாட்டுக்கு வந்து ஓட்டுப் போட்டாயே!”

“சாப்பாடு போட்டீர்களே, அந்தக் கூட்டமா?” நஜாத்தி கத்தியைத் துடைத்தான். “அபி, கோபப்படாதீர்கள். நேற்று அந்தப் புதுப் பையன் வந்தான். ஒரு காகிதம் நீட்டினான். போட்டுவிட்டேன்.”

“என்ன எழுதியிருந்தது?”

“நீங்கள் நீட்டியதை மட்டும் படித்துப் பார்த்தேனா?”

அடுத்து நாற்காலி, கட்டில் விற்கிற யாவுஸ். ரெம்ஸியோடு ராணுவத்தில் இருந்தவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். காகிதத்தைத் தொடவில்லை.

“நேற்று நீ தலைவன், உன் பக்கம் நின்றேன். இன்றைக்கு அவன் தலைவன், அவன் பக்கம் நிற்கிறேன். நான் மாறவே இல்லை ரெம்ஸி. எதிர்த்துப் பேசத் தெரியாதவன் என்றுதானே என்னைப் பட்டியலில் போட்டாய்?”

ரெம்ஸி தேநீரைக் குடிக்காமல் எழுந்தார்.

ரிஸா பெரியவரின் மகன் மட்டும் மரியாதையாகப் பேசினான். “அப்பாவுக்கு இன்னும் அழைப்பு வருகிறது அபி. புதுத் தலைவரும் அனுப்பியிருக்கிறார்.”

ஒன்பது நாளில் நூற்று நாற்பத்தொன்பது கதவுகளைத் தட்டினார். சிலர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்றார்கள். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் ஒரு ஜன்னல் திறந்தது. பெரிஹான் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற மருத்துவச்சி. ரெம்ஸியின் இரண்டு பிள்ளைகளும் அவர் கையில்தான் பிறந்தார்கள். ரெம்ஸிக்கு முன்பே கட்சியில் சேர்ந்தவர். ஊர் முழுவதும் அவரை அப்லா, அதாவது அக்கா என்று அழைத்தது.

இரண்டு வருஷமாக அவரைக் கண்டால் ரெம்ஸி வேறு தெருவில் திரும்பிவிடுவார். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிற அன்று ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் பெட்டி வைத்திருந்தார்கள். நூற்றைம்பது பெயரும் அச்சடித்துத் தயாராக இருந்தன. ரெம்ஸி தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிய பட்டியல். உறுப்பினர்கள் அதை உறையில் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதவும் உரிமை உண்டு. பெரிஹான் திரைக்குப் பின்னால் போய், “இங்கே வெறும் கயிறுதான் தொங்குகிறது, பேனா இல்லையே ரெம்ஸி,” என்று குரல் கொடுத்தார்.

“எல்லாம் அச்சடித்துத்தானே இருக்கிறது அப்லா, பேனா எதற்கு? மருந்துச் சீட்டா எழுதப் போகிறீர்கள்?” என்றார் ரெம்ஸி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இப்போது பெரிஹான் ஜன்னலில் சாய்ந்து நின்றார்.

“கையெழுத்து வாங்குகிறாயாமே. என் கதவைத் தட்டவில்லை?”

“நீங்கள் பிரதிநிதி இல்லை அப்லா.”

“ஏன் இல்லை?”

ரெம்ஸி தெருவைப் பார்த்தார்.

“கொடு இப்படி.”

காகிதத்தை வாங்கினார். பேனாவைத் திருப்பிப் பார்த்தார். கயிற்றுத் துண்டை விரலால் நிமிர்த்தினார். “கடைசியில் என் கைக்கு வந்துவிட்டதே,” என்றார். பெரிய எழுத்தில் பெயர் எழுதி, கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

“என் கையெழுத்து செல்லாது என்று தெரியும். ஆனால் உனக்குச் செய்தது அநியாயம். அதையும் எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போ.”

பத்தாம் நாள் ரெம்ஸி ரொட்டிக்கடைக்கு வந்தார்.

“எத்தனை அபி?”

“ஒன்று. அதுவும் கணக்கில் வராது.” காகிதத்தை மேசையில் எறிந்தார். “நன்றி கெட்டவர்கள்! ஒவ்வொரு பெயரையும் நான் என் கையால் எழுதினேன், ஹோஜம். ஒருவனுக்கும் வாய் இல்லை. நெரித்தது யார் என்று இப்போதாவது சொல்லுங்கள். அங்காராதானே?”

ஹோஜா ரொட்டி எடுக்கிற நீண்ட துடுப்பைச் சுவரில் சாய்த்தார்.

“அங்காராக்காரனைத் திட்ட எனக்கும் வாய் இருக்கிறது. சாயங்காலம் வரை இரண்டு பேரும் திட்டலாம். முதலில் அந்தப் பேனாவைப் பாருங்கள்.”

“பத்து நாளாகப் பார்க்கிறேன்.”

“இரண்டு வருஷம் முன்பு காப்பிக்கடைக்காரர் வந்து, ஓட்டுப் போடுகிற இடத்தில் பேனா இல்லை என்றார். இதைத்தான் கொடுத்தேன். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, ஒரு முழக் கயிறு கட்டி, திரைக்குப் பின்னால் மேசைக்காலில் நானே முடிந்துவிட்டு வந்தேன். ஒன்பது மணிக்குத் திரையைத் திறந்தார்கள். ஒன்பதேகாலுக்கு நீங்கள் வந்து பேனாவை இந்த மேசையில் வைத்தீர்கள். இது தேவைப்படவில்லை ஹோஜம் என்றீர்கள்.”

ஹோஜா அந்தக் கயிற்றுத் துண்டின் நுனியைத் தொட்டுக் காட்டினார்.

“முடிச்சு அவிழவில்லை. கத்தி பட்டு அறுந்திருக்கிறது. அங்காராவிலிருந்து யார் வந்து அறுத்தார்கள், அபி?”

ரெம்ஸியின் மரத்துப்போன சுண்டுவிரல் அந்தக் கயிற்றுத் துண்டின் மேலேயே கிடந்தது.

ஒரு பெண் மிளகாய்த் தட்டோடு உள்ளே வந்தாள். மேசையில் தேடினாள்.

“ஹோஜம், பெயர் எழுத வேண்டும். பேனா எங்கே?”

ஹோஜா துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினார்.

“ரெம்ஸி அபியிடம் இருக்கிறது, அம்மா. கேட்டுப் பார். கொடுக்கிறாரா பார்ப்போம்.”