பின் இருக்கையில் ஓர் இடம்

"இன்னும் யாரைத்தான் கேக்கறது, தாயே?" என்றார் செங்கோடன்.

குரு காருக்குள் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

செங்கோடனுக்கு ஐம்பது வயது. குரு அவரைவிட எட்டு வயது இளையவர். அவருக்குப் பூங்கோதை என்று பெயர் இருந்தது. ஆனால் சீடர்கள் தாயே என்றுதான் கூப்பிட்டார்கள்.

கார் நின்றிருந்தது சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில். வலப்பக்கம் நெடுஞ்சாலை. மலையைச் சுற்றிக்கொண்டு போகும், இரண்டரை மணி நேரம். இடப்பக்கம் மலைப்பாதை. ஒன்றரை மணி நேரம்தான். வழியெல்லாம் மூங்கில் காடு, இரண்டு அருவிகள். அந்த அழகை குருவுக்குக் காட்ட வேண்டும் என்று செங்கோடனுக்கு நெடுநாள் ஆசை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பன்னிரண்டு மணிக்குத் தங்கை மகளுக்குக் காது குத்து. பதினோரு வருடம் காத்திருந்து பிறந்த குழந்தை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் என்று இருப்பவர் செங்கோடன் ஒருவர்தான்.

நான்கு நாள் மழை பெய்து, நேற்றுத்தான் விட்டிருந்தது.

"செல்போன் என்ன சொல்லுது?" என்றார் குரு.

"நீலக்கோடு போட்டுக் காட்டுது. போலாம்னு அர்த்தம்."

"மனுசங்க?"

"டீக்கடைக்காரர் கண்ணாடி மாதிரி ரோடுங்கறார். அதோ, தீவன மூட்டையோட நிக்கறாரே, அவருக்கு நாம போற ஊரேதான். தாராளமாப் போலாம்னு சொல்றார்."

"என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"காது குத்துக்குப் போறோம், மலை வழியாப் போலாமான்னு கேட்டேன்."

குரு தம்ளரை வைத்தார். இறங்கி, காரின் பின்கதவை அகலமாகத் திறந்தார்.

"அண்ணா, நாங்களும் உங்க ஊருக்குத்தான். மலை வழியாப் போறோம். வாங்க, ஏறிக்குங்க."

மூட்டைக்காரர் காரைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

"இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இடம் இருக்கு அண்ணா."

"மூட்டை நாறுமுங்க."

"நாறட்டும்."

"நான் பஸ்லயே வந்துடறேனுங்க."

"பஸ் எப்ப?"

"பதினொன்னரைக்கு."

செங்கோடன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"பஸ் எந்த வழியாப் போகுது?"

"சுத்தித்தானுங்க. இந்த ரெண்டு நாளா."

குரு டீக்கடைப் பக்கம் திரும்பினார். "நீங்க வர்றீங்களா அண்ணா? அருவியைப் பார்த்துட்டு வரலாம்."

டீக்கடைக்காரர் துடைத்த தம்ளரையே மறுபடியும் துடைத்தார். "அடுப்பு எரியுதுங்க."

செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது. மூட்டைக்காரரிடம் போனார்.

"ஏனுங்க, தாராளமாப் போலாம்னீங்களே?"

"போலாமுங்க. ரெண்டாவது பாலத்துக்கிட்ட மண்ணு கொஞ்சம் சரிஞ்சு கெடக்குது, அவ்வளவுதான்."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?"

"நல்ல காரியத்துக்குப் போறேன்னு சொல்றீங்க. போகாதீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

செங்கோடன் திரும்பி வந்தார். மூங்கில் காடு இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்தார். வண்டியைக் கிளப்பி, வலப்பக்கம் திருப்பினார்.

இருபது அடிகூடப் போயிருக்காது. யாரோ கார் முதுகைப் படபடவென்று தட்டினார்கள்.

மூட்டைக்காரர். மூட்டை தலைமேல் ஏறியிருந்தது. மூச்சு வாங்கியது.

"இந்த வழின்னா நானும் வர்றேனுங்க!"