கருவாட்டுக்காரி குரலைத் தூக்கிட்டுப் போன ஆப் ராசா

ஒரு ஊர்ல, கடலை ஒட்டின ஊர்ல, மரியபுஷ்பம்னு ஒரு கருவாட்டுக்காரி இருந்தாளாம். அவளுக்குக் காணி கிடையாது, நகை கிடையாது, தலையில ஒரு கூடை, தொண்டையில ஒரு குரல், அவ்வளவுதான். ஆனா அந்தக் குரல் இருக்கே, "வாளையே, சாளையே, நெத்திலிக் கருவாடேய்ய்"னு அவ ஒரு இழுப்பு இழுத்தான்னா குளிச்சிட்டிருந்தவ ஈரத்தலையோட ஓடி வருவா, தெருப் பூனையெல்லாம் வாலைத் தூக்கிட்டுப் பின்னாலயே போகும், கருவாடே தொடாத வீட்டுக்காரங்க கூட சன்னலைத் திறந்து ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம்தான் மூடுவாங்களாம்.

அப்ப அந்த ஊருக்குத் திருமேனிநாதன்னு ஒருத்தன் வந்தான். வயசு கம்மி, வாய் ஜாஸ்தி. 'கூடைக்காரி'ன்னு ஒரு ஆப் நடத்துறவன். செல்போன்ல ஒரு தட்டு தட்டினா கருவாடு வீட்டுக்கே வரும். ஊரே அவனை 'ஆப் ராசா'ன்னு கூப்பிட்டுச்சு. அவனுக்கும் அது பிடிச்சிருந்துச்சு. ராசான்னா யாருக்குத்தான் பிடிக்காது, உனக்குப் பிடிக்காதா?

அந்த ராசாகிட்ட கடை இருந்துச்சு, ஆட்டோ இருந்துச்சு, ஏசி இருந்துச்சு, ஜனங்களைக் கூப்பிட ஒரு நல்ல குரல் மட்டும் இல்ல. உடனே மரியபுஷ்பத்தைத் தேடி வந்து செல்போனை நீட்டினான்.

"அக்கா, உங்க குரல் தேன் மாதிரி இருக்கு. ஒரு ஞாபகத்துக்குப் பதிவு பண்ணிக்கிறேன். இதுல 'சம்மதம்'னு இருக்குல்ல, அதை மட்டும் ஒரு தொடு தொட்டுடுங்க."

"தொட்டா என்ன தம்பி ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. எல்லாரும் தொடுறதுதான்."

எல்லாரும் தொடுறதுதானேன்னு இவளும் தொட்டா. ஏ, சிரிக்காத, நீயும் தினம் அப்படித்தான் தொடுற.

அப்புறம் பார்த்தா, கடற்கரைத் தெருவுல அவ குரல், சந்தைத் தெருவுல அவ குரல், மாதா கோயில் தெருவுல அவ குரல். ஆட்டோ மேல ஸ்பீக்கரைக் கட்டி விட்டுட்டான். இவ கூடையோட போனா, "இப்பத்தானே ஆட்டோவுல வந்த, வாங்கிட்டேனே மரியபுஷ்பம்"னு கதவைச் சாத்துறாங்க. பூனைங்க கூட ஆட்டோ பின்னால போயிடுச்சு.

அவ மக ஜெனோவா விவரமானவ. அம்மா கூவுறதை வீடியோ எடுத்துப் போட்டா. மறுநாளே அதைத் தூக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா, 'இந்தக் குரல் கூடைக்காரி கம்பெனிக்குச் சொந்தம்'னு பதில் வருது.

மரியபுஷ்பம் கம்பெனிக்குப் போன் போட்டா. எடுத்தது யாருங்கிற? அவளேதான்! "வணக்கம், உங்க புகார் எங்களுக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் காத்திருங்க"ன்னு அவ குரலே இனிக்க இனிக்கச் சொல்லுது. அவ சொல்லாததையும் அவ குரல்லயே பேச மெஷினைப் பழக்கி வச்சிருக்கான் ராசா. ஒரு தடவை திட்டிப் பார்த்தா. ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தா. ஒரு தடவை, "அடியே, நீயே என்னைக் காக்க வைக்கலாமாடி"ன்னு அழுதே பார்த்தா. அதுக்கும், "கொஞ்சம் காத்திருங்க"தான்.

அதுக்கப்புறம் அவளுக்குக் கூவவே வாய் வரல. யாரோ ஒருத்தியோட குரலைத் தான் திருடிப் பேசுற மாதிரி இருந்துச்சு. கூடையைக் கவுத்துப் போட்டுட்டு, "நேராவே கேட்டுடுறேன்"னு கிளம்பிட்டா.

சந்தைக்கு நடுவுல அவன் கடை. வாசல்ல கூட்டம். "தம்பி, என் குரலைத் திருப்பிக் குடு"ன்னு கேட்டா.

"அது இனிமே உங்க குரல் இல்லக்கா. கம்பெனி சொத்து."

"நான் வாயைத் திறந்தா?"

"அப்பவும் கம்பெனி குரல்தான்."

"தெருவுல நின்னு கூவினா?"

"எங்க கேட்டாலும் கம்பெனி பேசுறதா அர்த்தம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. இந்தக் குரல் என்ன சொன்னாலும் நீ சொன்ன மாதிரியா?"

"ஆமாக்கா, ஆமா! ஊருக்கே தெரியட்டும்"னான் ராசா. கூட்டம் மொத்தமும் கேட்டுச்சு.

"சரி"ன்னு வீட்டுக்குப் போயிட்டா. வழியிலயே அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சாம்.

மறுநாள் காலையில, வெறுங்கையோட, அவன் கடை வாசல்லயே வந்து நின்னா. இடுப்புல கையை வச்சா, மூச்சை இழுத்தா, விட்டா பாரு ஒரு குரல்: "வாளை இனாம், சாளை இனாம், கூடைக்காரி கடையில இன்னிக்கு எல்லாம் இனாமேய்ய்ய்!"

அவ்வளவுதான். பையோட வந்தாங்க, பாத்திரத்தோட வந்தாங்க, ஒரு கிழவர் குடையை விரிச்சுக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தார். ராசா பதறிப்போய் வெளியே ஓடி வந்தான்.

"யாரு இனாம்னு சொன்னது?"

"நீங்கதான்"னு பையோட வந்தவ சொன்னா.

"கம்பெனி குரல்தானே, நேத்து நீங்களே சொன்னீங்களே"ன்னு பாத்திரத்தோட வந்தவ சொன்னா.

"சொன்ன சொல்லை மாத்தலாமா ராசா?"ன்னு குடைக்காரர் கேட்டார்.

ஒரு கை வாளைக்கு நீளுது, ஒரு கை நெத்திலிக்கு நீளுது. ராசாவுக்கு வேர்த்துக் கொட்டுது. பொறுக்க முடியாம கத்தியே விட்டான்: "ஐயோ, அது எங்க குரல் இல்ல! அது மரியபுஷ்பத்தோட சொந்தக் குரல்!"

சந்தையில எல்லார் கையிலயும் செல்போன் எழும்பி நிக்குது. ஜெனோவா மட்டும் மெதுவா, "அண்ணே, இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க, சரியாப் பதிவாகல"ன்னா.

மரியபுஷ்பம் கிட்ட வந்தா. "என் குரல்னா ஸ்பீக்கரை இறக்கு. உன் குரல்னா கருவாட்டை இறக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி."

ஸ்பீக்கரை இறக்கினான். ஆட்டோவுல இருந்து அழிச்சான், போன்ல இருந்து அழிச்சான், தூக்கின வீடியோவையும் திரும்பப் போட வச்சான். அதோட விட்டாளா? "இத்தனை நாள் என் குரலை வச்சுப் பொழைச்சல்ல, இன்னிக்கு ஒரு நாள் என் கருவாட்டை நீ கூவி வித்துக் குடு"ன்னா. ராசாவும் கூடையைத் தலையில வச்சுக்கிட்டுத் தெருத்தெருவாக் கூவினான். வீட்டு வரி கேட்டு யாரோ வந்திருக்கான்னு நினைச்சு ஜனங்க கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துட்டாங்களாம். கடைசியில மரியபுஷ்பமே கூடையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தா, அத்தனை கதவும் திறந்துச்சு, கருவாடு மொத்தமும் வித்துப் போச்சு.

அதனால கண்ணுங்களா, யாராவது 'சும்மா தொடு'ன்னா என்னத்துக்குன்னு கேட்டுட்டுத் தொடுங்க. அவ கூடை காலி, என் கதையும் காலி, நீங்க போய்ப் படுங்க.