புனுகுப்பூனைக்குக் கொடுத்த முட்கள்

தேக்குக் காட்டில் கூராயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. தன் முள்ளால் தேக்கிலைகளில் கீறிக் கீறி அது ஒரு கதை எழுதியது. வெள்ளத்தில் செவ்வெறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பந்தாய் மிதந்து கரை சேர்ந்த கதை. எழுதி முடிக்க மூன்று மழைக்காலம் ஆயிற்று.

கேள்விப்பட்டு ஒரு புனுகுப்பூனை வந்தது. மலைக்கு அப்பால் சிங்கத்தின் சபையில் கதைகளை அரங்கேற்றித் தருவதே தன் தொழில் என்றது. இலைக்கட்டை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"இப்படி ஓர் எழுத்தை நான் கண்டதில்லை, தாயே. ஆனால் வாயிற்காவலர்களுக்கு முதுகு சொறிய ஆளுக்கொரு முள் வேண்டும்."

கூராயி பத்து முட்களைப் பிடுங்கிக் கட்டோடு கொடுத்தது. சில நாளில் புனுகு மணக்கும் ஓர் இலை வந்தது. கதை தேர்வாகிவிட்டதாம்; பிழை திருத்த இன்னும் இருபது முட்கள். அடுத்த இலை, நாள் குறிக்க முப்பது கேட்டது. கூராயியின் முதுகில் பாதி வெறுமையானது. சிறுத்தை உலவும் காட்டில் முள்ளில்லாத முள்ளம்பன்றி எத்தனை நாள் பிழைக்கும்? தெரிந்தேதான் கொடுத்தது. எழுதியவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும்.

கடைசியில் பூனை நேரிலேயே வந்தது. சிங்கம் கதை கேட்டு மெய்ம்மறந்துவிட்டது, பட்டம் வாங்க மீதி முட்களும் வேண்டும் என்றது.

கூராயி ஒரு முள்ளைப் பற்றியபடியே ஆசையாய்க் கேட்டது: "சிங்கத்துக்கு எந்த இடம் பிடித்தது, ஐயா?"

"புலி பாயும் இடம், தாயே. சபையே எழுந்து நின்றது."

முள்ளைப் பற்றிய கை அப்படியே நின்றது.

"என் கதையில் புலியே இல்லை. நீ கட்டைப் பிரிக்கவே இல்லை."

பூனை நெளிந்தது. பிறகு, நான் இல்லாவிட்டால் உன் எறும்புக் கதையை எவன் கேட்பான் என்று இளித்தது. கூராயி மிஞ்சிய முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தது. பூனை புதருக்குள் பாய்ந்து ஓடியது.

இலைக்கட்டு போனது போனதுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் கூராயிக்கு மனப்பாடம். மறுநாள் மாலை, மான்களும் காட்டெருமைகளும் உப்பு நக்க வரும் பாறையருகே நின்று அது தன் கதையைச் சொன்னது. மான்கள் உப்பை மறந்து நின்றன. முடிந்ததும் ஒரு காட்டெருமை மெல்லக் கேட்டது: "அடியில் கிடந்த எறும்புகளும் கரையேறினவா, அம்மா?"

பாதி முதுகு வெறுமையாய் இருந்தும் கூராயி தலையை நிமிர்த்திக்கொண்டது. "அத்தனையும் ஏறின," என்றது.

படிக்காமலே புகழ்ந்து கூலி கேட்பவனிடம் ஏமாறாதே. உன் கதையின் மதிப்பை அதைக் கேட்டவர்களே சொல்வார்கள்.