ராஜா கை வைத்த திரை

மாணிக்கபுரி ராஜா அதிவீரபூபதியிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்கிறவர்கள் வேறு கதை படிக்கப் போகலாம். இருந்தது, அவ்வளவுதான். அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடியது. அரண்மனைப் படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் அதில் பார்த்துக்கொண்டவள் செங்கமலம்.

ராஜாவுக்கு வேலை எதுவும் கிடையாது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, மீசை மட்டும்தான் கவலை. புதுச் சாவடியில் மாட்டப்போகிற தன் படத்தில் மீசை சின்னதாக இருக்கிறதாம். தானே பெரிதாக்குகிறேன் என்று செங்கமலத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"படம் திருத்துற மென்பொருளைத் திறந்து தரட்டுங்களா, மகாராஜா?" என்றாள்.

பிரதானி சர்வேசுவரர் குறுக்கே பாய்ந்தார். ராஜா தும்மினாலும் கைதட்டுகிற ஆசாமி.

"ஏம்மா, உன் பேர்ல திறந்து குடுப்பியா? மகாராஜா என்ன உன் கணக்குல ஒண்டிக்குடித்தனமா? ரூட்டாத் திற!"

ரூட் என்றால் லினக்ஸுக்குள் இருக்கிற ராஜா. எதையும் அழிக்கலாம், யார் கோப்பில் வேண்டுமானாலும் கை வைக்கலாம். மீசை வரைய அவ்வளவு அதிகாரம் எதற்கு? கேட்டால் பிரதானிக்குக் கோபம் வரும். ராஜாவிடம் மட்டும் இருந்த ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அவரே சூடோ என்கிற கட்டளையைப் போட்டு, ரூட்டாக மென்பொருளைக் கூப்பிட்டார்.

'திரையைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு வரி வந்து நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்திருந்தது செங்கமலம். திரை அவளுடையது. அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு உண்டு, அதுவும் அவள் கோப்புகளோடுதான் இருக்கும். அது கையில் இல்லாமல் ரூட் வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"ராஜாவுக்கே கதவடைப்பா?" என்று பிரதானி கண்டதையும் தட்டினார். கடைசியில் அந்தச் சீட்டுக் கோப்பையே ரூட்டாகத் திருத்தி எழுதினார். மென்பொருள் திறந்தது. ராஜா காது வரைக்கும் மீசை வரைந்து, சேமித்துவிட்டுப் போனார். இரண்டு பூனை வால்களை ஒட்டவைத்தது போல இருந்தது. பிரதானி கைதட்டினார்.

மறுநாள் காலை செங்கமலம் கடவுச்சொல்லைப் போட்டாள். திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடி கடவுச்சொல் கேட்டது. மறுபடி போட்டாள். மறுபடி கேட்டது. செக்கு மாடு மாதிரி அதே இடத்துக்கு வந்து நின்றது. படம் உள்ளே மாட்டிக்கொண்டது. சாவடித் திறப்பு விழாவோ அன்று சாயங்காலம்.

"மகாராஜாவோட மீசையைப் பூட்டி வெச்சிருக்கா! ராஜத்துரோகம்!" என்று பிரதானி குதித்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்றாள் செங்கமலம்.

ராஜா யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கமே இல்லை. "பொழுது சாயறதுக்குள்ள இவளை நாட்டை விட்டே அனுப்புங்க" என்றார்.

சபையில் இடும்பன் என்று ஒருவன் இருந்தான். விகடம் பேசுவதுதான் அவன் உத்தியோகம். செங்கமலத்தோடு போய், சீட்டு கேட்காத கறுப்பு எழுத்துத்திரை வழியாக அவள் பெயரில் நுழைந்து பார்த்தான். பிரதானி ரூட்டாக எழுதியதில், சீட்டுக் கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் ரூட் என்று மாறியிருந்தது. தன் கோப்பையே அவளால் தொட முடியாது. அதை மாற்றவும் ரூட்டால்தான் முடியும். அதாவது ராஜா மனசு வைக்க வேண்டும்.

மத்தியானம் பந்தி போட்டார்கள். எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். இடும்பன் ஓடி வந்தான்.

"மகாராஜா, சாம்பார்ல உப்பு சரியில்லைன்னு பேச்சு அடிபடுது. உங்க நாக்கைத் தவிர எதையும் நம்ப முடியாது."

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எழுந்து வந்து சாம்பார் அண்டாவில் கரண்டி விட்டார். அப்படியே கூட்டு, ரசம், சோறு, பாயசம், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாப் பாத்திரத்திலும் கை வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பரிமாறுங்க."

ஒருவரும் அசையவில்லை. மாணிக்கபுரியில், பந்தியில் ராஜா கை பட்ட எதையும் வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் சவுக்கடி. அது பிரதானியே கொண்டு வந்த வழக்கம்.

சோறு ஆறியது. பிரதானியின் வயிறு கூப்பாடு போட்டது.

"டேய், சமையல்காரா! எங்கடா சோறு?"

"தொட முடியாதுங்களே, சாமி."

இடும்பன் துள்ளினான். "பாத்தீங்களா மகாராஜா! சபைக்கே சோத்தைப் பூட்டி வெச்சிட்டான். ராஜத்துரோகம்! நாட்டை விட்டு அனுப்புங்க!"

"உனக்குப் பைத்தியமாய்யா?" என்றார் ராஜா. "தொட்டது நானு. அவன் என்ன பண்ணுவான்?"

"செங்கமலம் மட்டும் என்ன பண்ணுவா, மகாராஜா? அவ சீட்டுல உங்க ரூட்டுக் கை பட்டுடுச்சு. இப்ப அது உங்களுது. அவ எப்படி உள்ளே போவா?"

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்தார்.

"கை வெச்சது பிரதானி இல்லையா?"

"உங்க அதிகாரத்துலதானே வெச்சாரு!"

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"திருப்பிக் குடுங்க. ஒரே வரி."

ராஜா எழுந்து போய், இடும்பன் சொல்லச் சொல்ல, அந்தக் கோப்பு செங்கமலத்துக்கே சொந்தம் என்று ரூட்டாக ஒரு வரி தட்டினார். அவள் கடவுச்சொல்லைப் போட்டாள். திரை திறந்தது. பூனை வால் மீசையும் வந்தது.

"இனிமே மீசை வரையணும்னா?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குன்னு ஒரு சாதாரணக் கணக்கு போட்டுத் தரேன், மகாராஜா" என்றாள் செங்கமலம். "அதுல எவ்வளவு நீளம் வேணும்னாலும் வரையலாம்."

ராஜா பந்திக்குத் திரும்பினார். "பாத்திரம் எல்லாம் உங்களுதுதான், எடுத்துப் போடுங்க. செங்கமலத்துக்கு முதல் இலை. இடும்பனுக்கு ரெண்டு பாயசம்."

பிரதானி அவசரமாகத் தன் இலையில் தண்ணீர் தெளித்தார். சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே குனிந்து, அந்த இலையின் ஓரத்தில் ஒற்றை விரலை வைத்தார்.