தண்ணி ஊத்தி வச்ச சோறு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மருதங்கோட்டைச் சீமையை சிங்கணராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

ஒருநாள் திடீர்னு, "நம்ம படைக்குச் சட்டம் வேணும்"னார். அந்த வேலை மந்திரி அழகர்நம்பி கைக்குப் போயிடக் கூடாதேன்னு, தளவாய் மாறப்பர் முந்திக்கிட்டு எழுதி நீட்டினார்: "காவல்ல நிக்க வேண்டியவன் இல்லைன்னா அவன் ஓடுகாலி. ஓடுகாலிக்குத் தலை கிடையாது."

"ஓடுகாலின்னா யாருன்னு விளக்கம் எழுத வேணாமா மகாராஜா?"ன்னு மந்திரி கேட்டார்.

"சின்னப் பிள்ளைக்கும் தெரியும்யா அது!"ன்னு தளவாய் சிரிச்சார். சட்டம் சுருக்கமா இருந்தது ராஜாவுக்குப் பிடிச்சுப் போச்சு. முத்திரை குத்திட்டார்.

அதுல முதல்ல மாட்டினவன் காத்தமுத்து. மேற்கு வாசல் காவக்காரன். ஆத்துக்கு அக்கரையில பொண்டாட்டி செவந்திக்குப் பிரசவ நோவு கண்டிருச்சுன்னு சாயங்காலம் சேதி வந்தது. விடுப்பு கேக்க ஓடினான். தளவாய் தன் குதிரை முத்தழகிக்கு வெல்லம் ஊட்டிக்கிட்டிருக்கார், இப்பப் பாக்க முடியாதுன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க. திரும்பி வந்தான், கொஞ்ச நேரம் நின்னு பாத்தான், ஆத்துல இறங்கிட்டான்.

விடியறப்ப பொம்பளைப் பிள்ளை பொறந்தது. துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. துணியை விலக்கி முகத்தைப் பாக்கறதுக்குள்ள தளவாய் ஆளுங்க வந்து அவனைத் தூக்கிட்டாங்க.

சபையில கையைப் பின்னால கட்டி நிறுத்தியிருந்தாங்க. அந்தச் சின்னக் கனம் இன்னும் கையிலயே இருக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. முகம்தான் தெரியலை.

"போனியாடா?"ன்னார் ராஜா.

"போனேன் சாமி."

"கேட்டுட்டுப் போனியா?"

"இல்ல சாமி."

"அவன் வாயாலயே சொல்லிட்டான்!"னார் தளவாய்.

மந்திரி எந்திரிச்சார். "சொல்லாமப் போனது தப்புதான் மகாராஜா, தண்டனை குடுங்க. ஆனா சண்டைக் காலமா இது? மேற்கு வாசலுக்குக் கடைசியா வந்த எதிரி ஒரு எருமை. திரும்பி வர்ற எண்ணமே இல்லாமப் போறவன்தான் ஓடுகாலி. இவன் சொல்லாமப் போனவன். ரெண்டும் வேற."

"எண்ணத்தை எப்படிய்யா பாப்பீர்? நெஞ்சைப் பொளந்தா?"ன்னு தளவாய் நக்கலடிச்சார்.

"அதானே!"ன்னார் ராஜா. "உச்சி முரசு அடிக்கிறதுக்குள்ள அந்த எண்ணத்தை என் கண்ணுல காட்டும் மந்திரி. இல்லைன்னா இவன் தலை போகும்."

மந்திரி வாசக்காவலன் காதுல ஏதோ சொல்லி அனுப்பிட்டு உக்காந்துட்டார். தூண் நிழல் சுருங்கிக்கிட்டே வந்தது. காத்தமுத்து அதையே பாத்துக்கிட்டிருந்தான்.

வெளியே ஒரு குதிரை கனைச்சது. தளவாய் காது அந்தப் பக்கம் போச்சு. மறுபடி கனைச்சது. தளவாய் நெளிஞ்சார். மூணாம் தடவை கனைச்சப்போ ஆளைக் காணோம். செருப்புகூடப் போடலை.

மந்திரி கத்தினார்: "மகாராஜா! தளவாய் ஓடிப்போயிட்டார்!"

"என்னய்யா உளர்றீர்? வெத்தலைச் செல்லத்தை இங்கயே வச்சிட்டுப் போயிருக்காரு. பாதி மடிச்ச வெத்தலை அப்படியே கிடக்கு. வந்துருவாரு."

"அப்ப, திரும்பி வர்ற எண்ணம் மகாராஜா கண்ணுக்குத் தெரியுதா?"

முத்தழகியை வெளியே கட்டிட்டு வந்த வாசக்காவலன் நீட்டின மண்சட்டியை மந்திரி வாங்கி வச்சு மூடியை எடுத்தார். "இவன் காவல் மேடையில இருந்தது. மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி, மூடி, மேல கல்லு வச்சிட்டுப் போயிருக்கான். ஓடிப்போறவன் மறுநாள் சாப்பாட்டுக்குத் தண்ணி ஊத்துவானா மகாராஜா?"

ராஜா சட்டிக்குள்ள எட்டிப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். "வெங்காயம் இருக்கா?"ன்னார்.

"மேடைக்குப் பின்னால ரெண்டு இருக்கு சாமி"ன்னான் காத்தமுத்து.

தளவாய் திரும்பி வந்தார். கையெல்லாம் வெல்லப் பிசுக்கு, கூடவே ரெண்டு ஈ.

"யாரைக் கேட்டுப் போனீர்?"ன்னார் ராஜா.

"முத்தழகிக்கு இன்னைக்கு எவனும் வெல்லம் குடுக்கலை மகாராஜா. கத்துச்சு. மனசு கேக்கலை..." சொல்லிக்கிட்டு வந்தவர் பாதியில நிறுத்திட்டார். திரும்பி காத்தமுத்துவைப் பாத்தார். அவர் அவனை நேரா பாத்தது அதுதான் முதல் தடவை.

ராஜா தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் சொல்லாமப் போனவங்க. ரெண்டு பேருக்கும் காவல் தண்டனை. காத்தமுத்து, பொறந்த பிள்ளைக்குத் தலை நிக்கிற வரைக்கும் உனக்கு வீட்டுக்காவல். காவலாளி உன் பொண்டாட்டி. தளவாய், அதுவரைக்கும் மேற்கு வாசல்ல கையில வேலோட நீர் நில்லும். மந்திரி, சட்டத்துல இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் இனிமே நீரே விளக்கம் எழுதும்." பரிசு வரும்னு நெனச்ச மந்திரிக்கு வேலைதான் வந்தது. கூடவே ஒரு முத்துமாலையும் வந்ததால அவர் முகம் சுளிக்கலை.

காத்தமுத்துவை ஓடத்துல அனுப்பி வச்சாங்க. போனதும் துணியை விலக்கிப் பாத்தான். மூக்கு மட்டும் அவனுது. மத்ததெல்லாம் செவந்தி.

மூணு மாசம் ஓடிச்சு. ஒருநாள் காலையில காத்தமுத்து மேற்கு வாசலுக்கு வந்து நின்னான். தளவாய் கறுத்து, இளைச்சு, வேலும் கையுமா இருந்தார்.

"பிள்ளை?"

"தலை நின்னுருச்சு சாமி. யாரைப் பாத்தாலும் சிரிக்குது."

தளவாய் வேலை அவன் கையில குடுத்துட்டு நடந்தார். நாலு எட்டு போனவர் நின்னார். திரும்பிப் பாக்காமலே சொன்னார்:

"நீ இன்னைக்கு வந்துருவேன்னு தெரியும்டா. சட்டியில சோறு இருக்கு. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."